எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை: விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் 44 வயதுப் பெண். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து ஊர் ஒன்றில் கணவரும் அவரும் ஒரே தறிப்பட்டறையில் கூலிக்கு வேலை செய்தார்கள். கணவர் தறி ஓட்டுவார், இவர் தார் (தறிக்கான ஊடை நூல்) சுற்றுவார், இழை அறுந்தால் எடுத்து முடிவார். ஒரு மழை நாளில் பட்டறை வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் விழுந்து ஏழு மாதம் ஆன பிறகும் அந்தக் கையால் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க அவரால் முடியவில்லை. அந்த ஏழு மாதமும் போன இடத்திலெல்லாம் அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: கையில் ஒன்றும் இல்லை.

அடையாளம் தெரியாமலிருக்கக் குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

நான் இயன்முறை மருத்துவம் பார்ப்பவள். நாள்பட்ட வலியோடு வருபவர்களை மருத்துவமனைகளில் நம்புவதில்லை என்று பேசும்போது, அவர்கள் மனம் புண்படுகிறது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இந்த அம்மாவின் விஷயத்தில் அதற்கு மேலும் நடந்தது. நம்பாததால் சிகிச்சை தவறியது, சிகிச்சை தவறியதால் கை இறுகியது. எந்த வாரத்தில் எது தவறியது என்று அவருடைய மருத்துவமனைச் சீட்டுகளை வரிசையாக வைத்தே சொல்ல முடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரம்

மாவுக்கட்டுப் போட்ட நான்காம் நாள் அவர் மறுபடி மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். கட்டுக்குள் கை நெருப்பாக எரிகிறது, ராத்திரி ஒரு பொட்டு தூக்கமில்லை என்று சொல்லியிருக்கிறார். "கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும், எலும்பு ஒடைஞ்சிருக்குதில்ல" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி போனார். இந்த முறை மருத்துவரைப் பார்க்கவே விடவில்லை. கட்டுப் போடும் அறையில் இருந்தவரே, "உனக்கு மட்டும்தான் கை ஒடைஞ்சுதா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்த வழக்கில் நான் மிகவும் வருந்துவது இந்த இரண்டு வருகைகளுக்காகத்தான். மாவுக்கட்டுக்குள் தாங்க முடியாத வலி என்று ஒருவர் திரும்பி வந்தால் இரண்டு காரியங்களை உடனே பார்க்க வேண்டும். ஒன்று, கட்டு இறுக்கமாக இருக்கிறதா, விரல் நீலம் பாரித்திருக்கிறதா, மரத்திருக்கிறதா, விரலை நீட்டினால் வலி துள்ளுகிறதா என்பது. சதைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் கையே பாழாகிவிடும். இரண்டாவது, பலரும் அறியாதது. மணிக்கட்டு முறிந்த 1,549 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அவர்களில் 3.8 சதவீதம் பேருக்குப் பிற்பாடு கை எரியும் நாள்பட்ட வலி நோய் வந்தது. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிக் காட்டியது எக்ஸ்ரே இல்லை. முறிந்த முதல் வாரத்தில் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது அவர்கள் சொன்ன எண்தான் காட்டியது. ஐந்தும் அதற்கு மேலும் சொன்னவர்களை எச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டும் என்பது அந்த ஆய்வின் முடிவு.

அதாவது நான்காம் நாள் இந்த அம்மா சொன்ன சொல்லே ஒரு பரிசோதனை முடிவு. அன்று அதைவிட நல்ல பரிசோதனை யார் கையிலும் இருக்கவில்லை. யாரும் அதை எழுதி வைக்கக்கூட இல்லை. அந்த இரண்டு வருகைகளின் சீட்டிலும் வலி என்ற சொல்லுக்கு மேல் எதுவும் கிடையாது.

கோப்பில் ஏறிய வரி

கட்டைப் பிரித்தபோது கை வீங்கி, தோல் பளபளவென்று சிவந்திருந்ததாக அவரும் கணவரும் சொல்கிறார்கள். சீட்டில் இருப்பது "எலும்பு கூடியுள்ளது, பயிற்சி" என்பது மட்டும்தான். பயிற்சிக்குப் போன இடத்தில் மடங்காத விரல்களைப் பிடித்து அழுத்தி மடக்கியிருக்கிறார்கள். அவர் கத்தியதும், "இவ்வளவு சீன் போடாதீங்கம்மா" என்றார்களாம். அன்று இரவு வீக்கம் இன்னும் ஏறியது. அத்துடன் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார். சீட்டில் ஏறிய வரி: "ஒத்துழைப்பு இல்லை."

அடுத்துப் போனது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே புதிதாக எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், "ஃபங்ஷனல் ஓவர்லே" என்று எழுதினார். நோயைவிடப் புலம்பல் பெரிது என்ற பொருளில் மருத்துவர்கள் பழகிப்போன சொல் அது. மூன்றாவதாகப் போன இடத்தில் அதே சொல்லை அப்படியே எடுத்து எழுதி, அதற்குக் கீழே "நஷ்டஈடு விவகாரம் உள்ளதா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த அம்மா அங்கே நஷ்டஈட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. பட்டறையில் விழுந்தது என்று சொன்னார், அவ்வளவுதான்.

பணத்துக்காக நடிக்கிறார் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கத்து நிலவரத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிபாளையம் பக்கம் தறித் தொழிலாளிகள் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்வது வெகு காலப் பழக்கம். வேலை செய்து கழித்தால்தான் கடன் குறையும். கை ஓடாத ஒவ்வொரு வாரமும் கூலி போனது, வீட்டுச் செலவுக்கு மேலும் வாங்கியதால் முன்பணமும் ஏறியது. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு பொருந்தாது, அதனால் நோய்க்கால உதவித்தொகைக்கும் வழியில்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி வேலையிடத்து விபத்துக்கு இழப்பீடு கேட்க அவருக்கு உரிமை இருந்தது, ஆனால் அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நடிப்பதால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய் வரவு இல்லை. இழப்பு மட்டும் வாராவாரம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே ஒருவர் உட்கார வைத்து விசாரித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இடையில் எலும்புக்குக் கட்டுப் போடும் நாட்டு வைத்தியரிடமும் போயிருக்கிறார். எண்ணெய் ஊற்றி மூங்கில் தப்பை வைத்து மீண்டும் மூன்று வாரம் இறுக்கிக் கட்டினார்கள். அசையாமல் வைப்பது இந்த நோய்க்கு ஆகவே ஆகாது. ஆனாலும் அங்கே போனதை அவர் இன்றும் குறையாகச் சொல்வதில்லை. "அவருதானுங் மேடம் கையைத் தொட்டுப் பாத்தாரு. நோவுதா கண்ணுன்னு கேட்டாரு" என்றார். மருத்துவமனைகளில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். போலி வைத்தியத்துக்கு ஏன் போகிறார்கள் என்று கோபப்படும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அமிட்ரிப்டிலின் மாத்திரை விஷயமும் இங்கே சேரும். ஒரு மருத்துவர் அதை இரவில் 10 மில்லிகிராம் எழுதியிருந்தார், சரியான முடிவுதான். ஏன் தருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் இருந்த பையன், "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறது, யாருக்குங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். மாத்திரை பிரிக்கப்படாமலேயே அலமாரியில் கிடந்தது. இந்த மாத்திரை மனச்சோர்வுக்கென வந்ததுதான். குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பு வழியாக வரும் எரிச்சல் வலியையும் தணிக்கும், தூக்கத்தையும் தரும். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

கண்டுபிடித்தது யார்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. இந்த அம்மாவின் மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போன சுகாதாரத் தன்னார்வலர்தான் மருமகள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் வாசல் கூட்டுவதைக் கவனித்தார். "அந்தக் கையை எங்கிட்டக் காட்டுங்கக்கா" என்று கேட்டுப் பார்த்தவர், எனக்குப் படம் அனுப்பினார். எந்த மருத்துவப் பட்டமும் இல்லாத அந்தப் பெண் படத்தோடு அனுப்பிய குரல் செய்தி இது: "ரெண்டு கையும் ரெண்டு நெறமா இருக்குதுங் மேடம், சும்மா சொல்றாப்பல தெரியல."

பரிசோதனை

வந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்தது, பையிலிருந்து எல்லா எக்ஸ்ரேக்களையும் எடுத்து மேசையில் அடுக்கியது. "இதுல ஒண்ணும் இல்லைன்னு எனக்கே தெரியுமுங். நான் பொய் சொல்லலீங்" என்றார். நான் இன்னும் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

வலது கை இடது கையைவிட நிறம் கறுத்து, ஊதா பாய்ந்திருந்தது. கொரோனா காலத்தில் நெற்றிக்குக் காட்டிய வெப்பமானியையே இரண்டு புறங்கைக்கும் காட்டிப் பார்த்தேன், வலது கை இரண்டு டிகிரி குளிர்ச்சி. உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது, இடது உள்ளங்கை காய்ந்திருந்தது. நகங்கள் வரிவரியாக வெடித்திருந்தன. விரலை மடக்கச் சொன்னால் நுனி உள்ளங்கையைத் தொட நாலு சென்டிமீட்டர் பாக்கி. ஒரு துளிப் பஞ்சை எடுத்துப் புறங்கையில் மெல்ல இழுத்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். காத்தாடிக் காற்று பட்டால்கூட எரியும் என்பதால் ஏழு மாதமாக அந்த வீட்டில் ராத்திரி காத்தாடி போடுவதில்லை. கணவரும் பிள்ளைகளும் புழுக்கத்திலேயே தூங்கியிருக்கிறார்கள். வலி எவ்வளவு என்று கேட்டதற்குப் பத்துக்கு எட்டு என்றார்.

இதற்குப் பெயர் காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம், சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். மேலே சொன்ன 2014 ஆய்வில் வந்ததும் இந்த நோய்தான். உறுதி செய்ய ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. 2003இல் புடாபெஸ்ட் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோல்படி நோயாளி சொல்வதையும் கண்ணால் காண்பதையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்: காயத்துக்குப் பொருந்தாத தொடர் வலி, தொட்டால் கூசுவது, நிறமும் வெப்பமும் மாறுவது, வீக்கமும் வியர்வையும், அசைவும் நகமும் முடியும் மாறுவது. வேறு நோயால் இவை வரவில்லை என்பதும் தெரிய வேண்டும். இவரிடம் எல்லாமே இருந்தன. மாவட்டத்தில் வலி மருத்துவம் பார்க்கும் மயக்கவியல் மருத்துவர் ஒருவரும் பார்த்து உறுதி செய்தார்.

புது நோயும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் என்பவர், காயம் ஆறிய பின்னும் கை கால் நெருப்பாக எரிந்த வீரர்களைப் பற்றி 1864இலேயே எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் கையை எப்போதும் ஈரத்துணியால் சுற்றி வைத்திருப்பார்களாம். நம் அம்மாவும் முதல் இரண்டு மாதம் அதையேதான் செய்தார். அந்த ஈரத்துணியும் "நாடகம்" என்ற கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

சிகிச்சை

கையைத் தொடும் முன்பு ஒரு வேலை இருந்தது. புதுச் சீட்டில் நோயின் பெயரை எழுதி, பழைய சீட்டில் உள்ள கருத்து பொருந்தாது என்பதையும் எழுதி, அதை அவருக்கும் கணவருக்கும் வாசித்துக் காட்டினோம். கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் மூன்று மருத்துவமனை ஒன்றுமில்லை என்ற பிறகு அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "பெரிய டாக்டருங்களே சொல்றப்ப நான் என்னங்க பண்றது" என்றார். சீட்டைக் கேட்டு முடித்ததும் வெளியே போய் நின்றுகொண்டார். வீட்டிலும் சந்தேகம் வேர்விட்டது மருத்துவமனை கொடுத்த அதிகாரத்தால்தான்.

அப்புறம் கண்ணாடி. கை துண்டான பிறகும் அந்த இல்லாத கையில் வலி என்பவர்களுக்காக 1990களில் கண்ணாடிப் பெட்டி முறையைக் கொண்டுவந்தவர் வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சி.ஆர்.பி.எஸ். நோய்க்கும் அது பிற்பாடு பயன்பட்டது. வலிக்கும் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைத்து, நல்ல கையை முன்னால் அசைக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் கை வலியில்லாமல் அசைவதை மூளை பார்க்கும். நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியை அறுத்து, கடையில் வாங்கிய கண்ணாடியை ஒட்டி ஒன்று செய்து கொடுத்தோம். முதல் தடவை இடது கையை விரித்து மூடியதும், கண்ணாடியையே உற்றுப் பார்த்தவருக்குத் தலை சுற்றி வாந்தி வரும்போல் ஆகிவிட்டது. சிலருக்கு அப்படி ஆகும். நிறுத்தி, வலது இடது கைப் படங்களை அடையாளம் காட்டுவதிலிருந்து மறுபடி தொடங்கினோம். நாளுக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் மட்டும்.

தொட்டால் கூசுவதற்குப் பஞ்சு, பட்டுத்துணி, பிறகு முரட்டுத் துண்டு, அதற்குப் பிறகு கம்புத் தானியம் நிறைந்த போசியில் (பாத்திரத்தில்) கையை விட்டு அளைவது. எந்த விரலையும் யாரும் அழுத்தி மடக்கவில்லை, அவரே மடக்கும் அளவுதான் கணக்கு. இரவு மாத்திரையையும் காரணம் தெரிந்த பிறகு போடத் தொடங்கினார். அவரே ஒரு பயிற்சியைக் கண்டுபிடித்தார்: அறுந்த இழையை முடிவது. தடித்த கயிற்றில் தொடங்கி, ட்வைன் நூலுக்கு இறங்கி, கடைசியில் தறி நூலுக்கே வந்தார். நான் சொல்லிக்கொடுத்த எதையும்விட அதுதான் விரலை மடக்க வைத்தது.

மனநல ஆலோசகரிடமும் அனுப்பினோம். முன்பு ஒரு முறை அனுப்பியபோது போக மறுத்தவர் இந்த முறை போனார். முன்பு "உடம்பில் ஒன்றுமில்லை, அங்கே போ" என்று அனுப்பினார்கள். இப்போது, இது கை நோய்தான், இத்தனை மாதம் வலியோடும் தூக்கமில்லாமலும் அவமானத்தோடும் இருந்ததற்கு ஒரு துணை வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். மனக்கோளாறால் இந்த நோய் வருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வலி மனதை வாட்டும் என்பதற்கு ஆதாரம் தேடவே வேண்டாம்.

ஆறு மாத முடிவில் வலி பத்துக்கு நாலு. மூன்று விரல்கள் உள்ளங்கையைத் தொடுகின்றன, ஆள்காட்டி விரல் இன்னும் தொடவில்லை. வெப்ப வித்தியாசம் அரை டிகிரிக்குள் வந்துவிட்டது. அரை நாள் தார் சுற்றப் போகிறார். முழுக் கை திரும்பாது என்றே நினைக்கிறேன். முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கியிருந்தால் திரும்பும் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும். இழப்பீட்டு மனுவை எழுத இப்போது தொழிற்சங்கத்தார் உதவுகிறார்கள்.

நம்பாமை எப்படி வேலை செய்கிறது

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெளிநோயாளி வரிசையில் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காத இடங்கள் அவை. எலும்பு மருத்துவத்தில் எக்ஸ்ரே சரியென்றால் வேலை முடிந்தது என்றுதான் படிக்கிறோம். தன்னிடம் வைத்தியம் இல்லாத வலியோடு ஒருவர் மறுபடி மறுபடி வந்து நிற்கும்போது மருத்துவருக்கு வரும் கையாலாகாத உணர்வு, சீக்கிரமே நோயாளி மேல் சந்தேகமாக மாறிவிடுகிறது. இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சீட்டில் எழுதுவதை ஏற்க முடியாது. எழுதிய வரி அடுத்த மருத்துவமனைக்கு நோயாளிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு யாரும் கையைப் பார்ப்பதில்லை.

நம்பப்படாதவர் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. முதலில் இவர் சாதாரணமாகச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. பிறகு அழுது சொன்னார், மிகைப்படுத்துகிறார் என்றார்கள். கடைசியில் சொல்வதையே நிறுத்திக் கையை முந்தானைக்குள் மறைத்தார், இப்போது வலி இல்லை போலிருக்கிறது என்றார்கள். ஒரு நாள் வலி குறைந்தபோது நாலு பாத்திரம் கழுவியதைப் பார்த்த உறவுக்காரர் அதையும் சாட்சியாக்கினார். நாள்பட்ட வலி ஏறும், இறங்கும். இறங்கிய நாளில் வேலை செய்வது ஏறிய நாளைப் பொய்யாக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கே உறுத்துவது. இந்த அம்மாவை நாங்கள் நம்பியது கை நிறம் மாறியிருந்ததால். வெப்பமானி இரண்டு டிகிரி காட்டியதால். முதுகுவலியும் உடம்பு முழுவதும் வலியும் சொல்லி வரும் பெண்களுக்குக் காட்ட ஒரு நிறமாற்றமும் இருக்காது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து தைத்துவிட்டு இடுப்பு கடுக்கிறது என்று வருபவருக்கும், சிசேரியனுக்குப் போட்ட முதுகு ஊசியால்தான் வலி என்று பத்து வருடமாக நம்பி வருபவருக்கும் ஸ்கேன் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. ஊசி காரணமில்லை என்று விளக்கலாம், விளக்க வேண்டும். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் வலியையும் சேர்த்து மறுத்ததாகத்தான் அவருக்குக் கேட்கும். ஸ்கேனில் தெரிவதும் வலியும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு: முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில் (டிஸ்க்) தேய்மானம் இருந்தது. தேய்மானம் இருந்தும் வலி இல்லாமல் இருக்கலாம் என்றால், படத்தில் ஒன்றும் தெரியாமல் வலி இருப்பதை மட்டும் ஏன் நம்பக்கூடாது?

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதைக் குறிப்பாகவே சேர்த்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனி நோயாகவே பட்டியலிட்ட உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் எல்லாம் வந்துவிட்டது, இன்னும் நம் ஊர் வெளிநோயாளிச் சீட்டுக்கு வரவில்லை.

இந்த வழக்குக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டவர்களின் பட்டியலைத் தன்னார்வலர்கள் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்க் கடந்த இரண்டு நாளில் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் எண்ணைச் சீட்டிலேயே எழுதி அன்றே எனக்குச் சொல்ல வேண்டும். விரல் நீலமாகவோ மரத்தோ இருந்தால் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். சீட்டில் எழுதும் எண் நோயாளி சொல்லும் எண்தான், அதைக் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் அனுமதி இல்லை.